மூன்று மணிக்கு முன்னால்

பிற்பகல் மூன்று மணி ஆகும்வரை ரோடா ஸ்டாக்டேலால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வயது நாற்பத்து நான்கு. இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாய். அமெரிக்காவில், மிசூரியின் இந்த மலைக்காட்டுப் பக்கத்தில் சபைக்குப் போகிற யாரிடம் கேட்டாலும் அவள் பேரை மரியாதையாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் பட்டப்பகலில் வாசலில் ஒரு வண்டி நின்றால் போதும், சன்னலை விட்டு ஓரெட்டு பின்னால் போய் நின்றுகொள்வாள். ஏசியும் குளிர்சாதனப் பெட்டியும் பழுதுபார்க்கிற அவள் கணவன் வெர்லினுக்கு இது தீராத வேடிக்கை.

"தபால்காரர்தான், ரோடா. போலீஸ் இன்னும் உன்னக் கண்டுபிடிக்கல" என்பான்.

அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே திரைச்சீலையை இழுத்துவிடுவாள்.

இந்தப் பழக்கம் அவளை ஏழு வயதிலேயே பிடித்துக்கொண்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வேதத்தோடு பாடமும் சொல்லிக்கொடுப்பது அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்டத் திருட்டு வேலை. பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளை தெருவில் தலைகாட்டினால் யாராவது ஒரு புண்ணியவான் போன் போட்டுவிடுவான்; அதிகாரி வந்து கதவைத் தட்டுவார். அதனால் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புகிற மூன்று மணிவரை ரோடாவின் வீட்டில் திரைகள் மூடியே கிடக்கும். காரில் போகவேண்டி வந்தால் அம்மா முன்னால் பார்த்தபடியே "குனி" என்பாள். ரோடா இருக்கைக்குக் கீழே சுருண்டுகொள்வாள். சொந்த ஊரின் காலைப்பொழுதை அவள் மூக்கால்தான் அறிந்திருந்தாள்: டோனட் கடை, தீவன ஆலை, பெட்ரோல் பங்க். கர்த்தருக்காக ஒளிந்திருக்கிறோம் என்று அம்மா சொல்வாள். பிள்ளையின் மனசு அதை நம்பியது. கைகால்கள் மட்டும் நம்பவில்லை. அவை அன்று தொடங்கிய பரபரப்பை இன்றுவரை விடவில்லை.

பிறகு சட்டம் மாறியது, காலமும் மாறியது. இப்போது காலை பத்து மணிக்கு எங்கள் ஊர்க் கடைகளில் வீட்டில் படிக்கிற பிள்ளைகள்தான் தள்ளுவண்டி ஓட்டிக்கொண்டு திரிகிறார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ரோடாவே அந்தக் கூட்டத்துக்கு ஒரு முகமாகிவிட்டாள். 'ஒரு சோபா, ஒரு புத்தகம்' என்று ஆன்லைனில் அவள் நடத்துகிற வகுப்பு அலாஸ்காவிலிருந்து ஜார்ஜியாவரை தாய்மார்களிடையே பிரபலம். பிள்ளையை மடியோடு அணைத்துக்கொண்டு சோபாவில் உட்காருங்கள், தினமும் கொஞ்சம் வாசியுங்கள், எந்தத் தாயாலும் தன் பிள்ளைக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க முடியும்; இதுதான் சங்கதி. வகுப்பின் முகப்பில் மூத்தவள் டிர்ஸா நாலு வயதில் புத்தகமும் கையுமாகச் சிரிக்கிற படம் இருக்கும். அதோடு ஓர் ஆன்லைன் வேதாகமக் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆதிச் சபைகளில் வேதம் எப்படி உரக்க வாசிக்கப்பட்டது என்பது தலைப்பு.

ஊருக்கெல்லாம் சோபாவில் உட்காரச் சொன்னவள் தான் மட்டும் உட்காரவே இல்லை. லேப்டாப்பை அடுப்பங்கரையில் சமையல் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்து, நின்றபடியேதான் பேசுவாள். கருத்தரங்குகளில் பேராசிரியர்கள் பேசும்போது கேமராவுக்குக் கீழே அவள் கைகள் காலுறைகளுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கும். அவள் தலையசைப்பதைப் பார்த்து ஆழ்ந்து கேட்கிறாள் என்று அவர்கள் பூரித்துப்போவார்கள்.

இந்த வீட்டில்தான் இளையவள் கெஸியாவுக்கு ஒன்பது வயதாகியும் படிக்க வரவில்லை.

ஏழு வயதில் யாரும் கவலைப்படவில்லை. எங்கள் கூட்டத்தில் அதற்கென்றே ஓர் ஆறுதல் தயாராக இருக்கும்: ஒவ்வொரு பிள்ளைக்கும் கர்த்தர் ஒரு நேரம் வைத்திருக்கிறார், அவசரப்படுத்தாதீர்கள். ரோடாவே நூறு தாய்மார்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறாள். எட்டு வயதிலும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், கொஞ்சம் வேகமாக. கெஸியாவும் அதற்கு வசதியான பிள்ளை. எதையும் ஒருதரம் காதில் வாங்கினால் போதும், அப்படியே ஒப்பிப்பாள். புதன்கிழமை வேத வகுப்பில் மனப்பாட வசனங்களுக்காக வாங்கிய பதக்கங்கள் அவள் சட்டையில் இடமில்லாமல் தொங்கின.

அந்த வகுப்பில் வாள் பந்தயம் என்று ஒன்று உண்டு; வாள் என்பது வேதம்தான். பிள்ளைகள் வேதப்புத்தகத்தை மூடிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நடத்துகிறவர் அதிகாரத்தையும் வசனத்தையும் சொன்னதும் புரட்டவேண்டும்; முதலில் கண்டுபிடித்தவர் ஓரடி முன்னால் வந்து உரக்க வாசிக்கவேண்டும். இந்தப் பந்தயம் தொடங்கினாலே கெஸியாவுக்கு ஒன்றுக்கு வந்துவிடும். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை நடத்துகிறவர் "ரோமர் எட்டு, இருபத்தெட்டு!" என்று கூவினார். அது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆசை யாரை விட்டது! சடாரென்று புத்தகத்தைத் திறந்து, முன்னால் பாய்ந்து, குனிந்து பார்த்தபடி கணீரென்று வாசித்தாள். கூடம் கைதட்டியது.

ரோடா அவளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பிள்ளையின் கையில் திறந்திருந்தது ரோமர் இல்லை, கடைசியில் இருக்கும் வரைபடம். அப்போஸ்தலர் பவுல் கடலில் போன வழியைச் சிவப்புக் கோட்டில் போட்டிருக்கும் பக்கம். கெஸியா அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வாசித்து முடித்தாள்.

மறுநாள் காலை ரோடா கதவைச் சாத்திக்கொண்டு அவளைச் சோபாவில் உட்காரவைத்தாள். தன் வகுப்பின் முதல் புத்தகம், முதல் பக்கம். கெஸியா பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த எழுத்து என்னவாக இருக்கும் என்று அந்த முகத்தில் தேடினாள். ரோடா புத்தகத்தை மூடினாள். "நல்லாப் பண்ணினே, போய் விளையாடு" என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தவள், அன்று முழுக்க வீட்டைத் துடைத்த இடத்தையே துடைத்தாள்.

தாய்மார்களுக்கான வசந்தகால ஆன்லைன் மாநாட்டுக்கு அதிக நாள் இல்லை. முக்கியப் பேச்சு ரோடாவுடையது. தலைப்பு அவர்களே கொடுத்தது: 'எந்தத் தாயாலும் முடியும்'.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். வெர்லினிடமாவது. ஆனால் அந்த வாக்கியம் அவள் தொண்டைக்குமேல் வரவில்லை. வகுப்பு போய்விடும், பேர் போய்விடும் என்பதெல்லாம் அப்புறம். உன் பிள்ளைக்கு ஒன்பது வயதாகியும் படிக்க வரலையாமே: கதவைத் தட்டுகிற அதிகாரி கேட்பார் என்று அவள் அம்மா காலமெல்லாம் பயந்த கேள்வி இதுதான். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் ரோடா சிறுவயது முழுக்கக் காரில் குனிந்து கிடந்தாள். இப்போது அதிகாரி வரவே இல்லை, கேள்வி மட்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். தாய்மார்களின் ஜெபக்குழு ஒன்று போனில் ஓடிக்கொண்டிருந்தது. க்ளெண்டா ஃபே மாடக்ஸ் என்கிற சபைப் பெரியம்மாதான் அதன் தலைவி. யாருக்கு நோய், யார் மகனுக்கு வேலை என்று விண்ணப்பங்கள் வரும், எல்லாரும் ஜெபிப்பார்கள். வெளியில் சொல்ல முடியாத விஷயமானால் 'சொல்லாத விண்ணப்பம் ஒன்று உண்டு' என்று மட்டும் போட்டால் போதும். கர்த்தருக்குத் தெரியும், மற்றவர்கள் கேட்கக்கூடாது. துணி உலர்த்தும் இயந்திரத்தின்மேல் சாய்ந்துகொண்டு ரோடா அதைத்தான் போட்டாள். பாரத்தில் பாதி இறங்கின மாதிரி இருந்தது.

கேட்கக்கூடாது என்பதுதான் விதி. ஊகிக்கக்கூடாது என்று எந்த விதியும் கிடையாது. ரோடா ஸ்டாக்டேலுக்கே சொல்ல முடியாத கஷ்டமென்றால் சும்மாவா?

முதல் சாப்பாடு மறுநாளே வந்தது. க்ளெண்டா ஃபே வாசலில், கையில் அலுமினியத் தாள் போர்த்திய கண்ணாடிப் பாத்திரம்.

"நான் எதுவும் கேக்க வரல, கண்ணு. கேக்கவும் மாட்டேன். உருளைக்கிழங்கும் சீஸும், சூடுபண்ணினா போதும்." குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் எத்தன மாசம் கெடு சொன்னார்?"

"எந்த டாக்டர்?"

"சரி சரி, சொல்ல வேணாம். வெர்லின் பிரதர் ஆளே பாதியா இளைச்சிட்டாரேன்னு நேத்தே நெனச்சேன்."

வெர்லின் குளிர்காலத்தில் சாப்பிட்ட தின்பண்டங்களைக் குறைத்திருந்தான், அவ்வளவுதான். அடுத்தடுத்து கோழி நூடுல்ஸ், பீன்ஸ், இறைச்சி ரொட்டி என்று பாத்திரங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் சொந்தக்காரியின் பேர் ஒட்டியிருந்தது. எது யாருடையது என்று கெஸியா ஒரு பாத்திரத்தையும் திருப்பிப் பார்க்காமல் சொன்னாள். நிறத்தையும் விளிம்பையும் வைத்தே அவளுக்குத் தெரியும். ரோடா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை சபை மூப்பர் ஹாய்ட் வெர்லினைக் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்தவன் அடுப்பங்கரை வாசலில் சாய்ந்து நின்றான்.

"பேன்கேக் வாங்கித் தந்து, தோள்ல கையப் போட்டு, 'அந்தப் பொம்பள யாரு பிரதர்?'னு கேக்கறார். எனக்கு வாய் நெறைய பேன்கேக். முழுங்கவும் முடியல, மறுக்கவும் முடியல. வெள்ளிக்கிழமைவரைக்கும் சாகப்போறவன், சனிக்கிழமை கள்ளக்காதல்காரன். எதுன்னு முடிவு பண்ணிச் சொல்லிடு ரோடா, அதுக்குத் தோதா மூஞ்சிய வெச்சுக்கறேன்."

ரோடா பாத்திரம் தேய்த்தாள்.

"உன் விண்ணப்பம் என்னன்னு எனக்கும் சொல்லமாட்டியா?" இப்போது அவன் சிரிக்கவில்லை.

"கர்த்தருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும்மா. நான் வெறும் வெர்லின். எனக்கு யாராச்சும் சொன்னாத்தான் தெரியும்."

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். அவன் கோபித்துக்கொண்டு வெளியே போனான். அவன் கோபித்துக்கொள்வது அபூர்வம்.

மாநாட்டு நாளன்று மதியம் கெஸியாவைக் காணவில்லை. டிர்ஸா மாடியைத் தேடினாள், ரோடா கொல்லையைத் தேடினாள். பேச்சுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. கொட்டகையில் நின்ற வெர்லினின் பழைய வண்டிக்குள், ஓட்டுநர் இருக்கையில், அவனுடைய அழுக்குத் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். ரோடா மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"இந்த வண்டி யாருக்குப் போகும்?" என்றாள் கெஸியா.

"எதுக்குடி?"

"அப்பா செத்ததுக்கப்புறம்."

ரோடா அவள் பக்கம் திரும்பினாள். "அப்பா சாகல. யாரு சொன்னா?"

"எல்லாரும் சாப்பாடு கொண்டாறாங்க. என்னப் பாத்தா தலையத் தடவறாங்க. நீ ராத்திரியெல்லாம் நடக்கற. டிர்ஸாகிட்ட கேட்டா, சொல்லாத விண்ணப்பம், கேக்கக்கூடாதுங்கறா." தொப்பிக்கடியில் மூக்கை உறிஞ்சினாள். "நீ சொல்லமாட்டேங்கறேன்னா அது சாவுதான்."

இனிப் பொய் சொல்ல இடமில்லை. ரோடா தன் கைகளைப் பார்த்தாள். அவற்றுக்குச் செய்ய ஒரு வேலையும் அந்த வண்டிக்குள் இல்லை.

"அது அப்பா இல்ல, கெஸியா. அது நீ."

"நானா? நான் சாகப்போறேனா?"

"ஐயோ, இல்லடி! உனக்குப் படிக்க வரல. அவ்ளோதான். அத என்னால வெளியில சொல்ல முடியல."

கெஸியா தொப்பியைத் தூக்கினாள். அழுது வீங்கிய முகத்தில் முதலில் வந்தது நிம்மதி; சிரித்தேவிட்டாள். "அவ்ளோதானா!" பிறகு அந்தச் சிரிப்பு மெதுவாக நின்றது.

"அம்மா, அப்பா நெஜமாவே சாகப்போறார்னா, குழுவுல சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன்."

"அப்போ நான் அதவிட மோசமா?"

ரோடா அழுதாள். ஊரறிய ஜெபித்துப் பழகியவள், ஒரு வார்த்தைகூட இல்லாமல் மூக்கொழுக அழுதாள். கெஸியா அப்பாவின் துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்தாள். அதில் மசகெண்ணெய் நாற்றம்.

"நீதான அன்னிக்கு லேப்டாப்புல பேசினே," என்றாள் பிள்ளை. காதால் வாழ்கிறவள், அந்த வீட்டில் அவள் கேட்காதது எதுவுமில்லை. "பவுல் கடுதாசி போட்ட ஆளுங்கள்ல நெறைய பேருக்குப் படிக்கவே தெரியாதுன்னு. அவங்களப் பத்திச் சந்தோஷமாத்தான் சொன்னே."

அன்று மாநாட்டில் ரோடா தன் பேச்சை எடுத்து வைத்துக்கொண்டாள். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தாய்மார்கள், பின்னால் புத்தக அலமாரிகள், மடியில் குழந்தைகள். இரண்டு வரி வாசித்தாள். மூன்றாவது வரி வாயில் நுழையவில்லை.

"என் சின்னவளுக்கு ஒம்போது வயசு," என்றாள். "அவகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். அவளுக்குப் படிக்க வரல. சோபாவுலதான் உக்காந்தோம், புத்தகமும் இருந்துச்சு. என்னால முடியல. எந்தத் தாயாலும் முடியும்னு நான் சொன்னது பொய்யின்னு சொல்லல. எனக்குத் தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். யார் வீட்டுலயாவது ஒரு பிள்ளை என் பேச்சால ஒளிஞ்சுகிட்டிருந்தா, என்ன மன்னிச்சிடுங்க. வெர்லின் நல்லா இருக்கார். அவருக்கு யாரும் பொம்பள கெடையாது."

சில சதுரங்கள் உடனே அணைந்தன. நடத்துகிற பெண்மணி தொண்டையைக் கனைத்து, ஒரு பாட்டோடு கூட்டத்தை முடித்தாள். அந்தப் பேச்சின் பதிவைப் பிறகு யாரும் வெளியிடவில்லை. அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வெர்லின் வந்து அவள் பின்னால் நின்றான்.

"இதுக்கா நான் ஹாய்ட்கிட்ட மாட்டினேன்?" என்றான். கண் கலங்கியிருந்தது. பிறகு சொன்னான்: "நான் ஏசி மாட்டப் போவேனே, அந்தப் பள்ளிக்கூடத்துல இதுக்குன்னே ஒரு டீச்சரம்மா இருக்காங்க. வீட்டுல படிக்கற பிள்ளைங்களயும் பாப்பாங்களாம். போன வருஷமே கேட்டுவெச்சேன்."

"போன வருஷமா? அப்பவே உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் சொல்ல வாய் வரல, ரோடா."

மறுநாள் க்ளெண்டா ஃபே பாத்திரத்தை வாங்கிப்போக வந்தாள். முகம் இறுகியிருந்தது. மீன் எண்ணெய் கொடு, கோதுமையை நிறுத்து, அரசுப் பள்ளிக்கூடத்தில் மட்டும் காலை வைத்துவிடாதே என்று நின்றபடியே பேசித் தீர்த்தாள். சாகப்போகிறவர் யாரும் இல்லாத வீட்டுக்குத் தன் உருளைக்கிழங்கு போய்விட்ட வருத்தம் அதில் கொஞ்சம் இருந்தது. வாசலுக்குப் போனவள் திரும்பினாள்.

"எங்க பையன் டுவெயினுக்கும் அப்படித்தான், கண்ணு. முப்பது வயசாச்சு. மரம் அறுக்கற வேலையில கெட்டிக்காரன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்." பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாத."

அடுத்த திங்கட்கிழமை காலை ரோடா கெஸியாவைக் காரில் ஏற்றினாள். ஊர் வெயிலில் பளபளத்தது. டோனட் கடை வாசம் வந்தது, அப்புறம் தீவன ஆலை. ரோடாவின் கை ஸ்டீயரிங்கில் நிலைகொள்ளவில்லை. ரேடியோவைத் திருகினாள், அணைத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள். பள்ளிக்கூடத்துக்கு முந்தின சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் ஷெரிஃபின் போலீஸ் வண்டி வந்து நின்றது.

அவள் நினைக்கக்கூட இல்லை. கை தானாகப் போய்க் கெஸியாவின் தலையைப் பிடித்துக் கீழே அழுத்தியது.

"அம்மா!" முழங்காலுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "இன்னும் என்னை ஒளிச்சுத்தான் வெக்கணுமா?"

ரோடா கையை எடுத்தாள். சன்னலை முழுக்க இறக்கிவிட்டாள். ஷெரிஃப் திரும்பிப் பார்த்து, கலைந்த தலையோடு எழும்பிய பிள்ளையைக் கண்டு, தொப்பியைத் தொட்டுச் சிரித்தார். கெஸியா கையாட்டினாள்.

"நிமிந்து உக்காரு," என்றாள் ரோடா.